மின்வயர் வழியே இணையம்: எப்போது கைகொடுக்கும்?

யுத்தத்துக்குப் பின் எழும்பிய எங்கள் வீடுகளில் பல, துண்டு துண்டாக வளர்ந்தவை. முதலில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த அறைகள். பிறகு வெளிநாட்டுக் காசு வரவர ஒவ்வொன்றாகக் கூடியவை. முன்னறை றவுட்டரின் வைஃபை, கல்சுவர்களைத் தாண்டிப் பின்னறைக்கு எட்டாது. பிள்ளையின் இணைய வகுப்பும் கனடாவில் இருக்கும் மகனின் வீடியோ அழைப்பும் இடையில் அறுந்துவிடும். "கரண்ட் வயரிலேயே இணையத்தைக் கொண்டுபோகலாமாமே?" என்று வயரிங் வேலைக்குப் போகும் இடங்களில் என்னிடம் கேட்கிறார்கள். கொண்டுபோகலாம்.

எங்கள் மின்சாரம் 230 வோல்ற். விநாடிக்கு 50 தடவை அலைகிறது. அதே வயரில் ஏறத்தாழ 2 முதல் 28 மெகாஹேர்ட்ஸ் வரையான மெல்லிய சமிக்ஞையை ஒரு அடப்டர் ஏற்றுகிறது. மற்ற அறையில் இன்னொன்று அதைப் பிரித்தெடுக்கிறது.

சிக்கல் இரைச்சல்தான். போன் சார்ஜர், மலிவான எல்ஈடி பல்ப், தண்ணீர் மோட்டர் எல்லாம் அதே வயரில் இரைச்சலைக் கொட்டுகின்றன. 1975இல் வந்த எக்ஸ்10 முறை, மின்னழுத்தம் பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில் கட்டளையை இரண்டு தடவை அனுப்பும். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி, தரவை 900க்கும் மேற்பட்ட சிறு அலைவரிசைகளில் பகிர்கிறது. இரைச்சல் கூடிய வரிசையில் குறைவாக ஏற்றும். பழுதான துண்டை மீண்டும் கேட்டு வாங்கும். ஆகவே இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வேகம்தான் குறையும். பெட்டியில் எழுதியிருக்கும் 200 மெகாபிற்றில் பாதிகூடக் கையில் கிடைப்பது அரிது.

அடப்டரை நேரே சுவர்ப் பிளக்கில் செருகுங்கள். மின்னெழுச்சித் தடுப்புள்ள எக்ஸ்ரென்ஷன் சமிக்ஞையை விழுங்கிவிடும். மூன்று பேஸ் வீடானால் இரண்டும் ஒரே பேஸில் இருப்பது நல்லது. சமிக்ஞை மீற்றரோடு நிற்காமல் அயல்வீட்டுக்கும் போகலாம். எனவே இணைப்புப் பொத்தானை அழுத்தி, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். கரண்ட் நின்றால் இதுவும் நிற்கும். 2022இல் 13 மணித்தியாலம் வரை இருந்த மின்வெட்டு மறந்திருக்காது.

ஒரே ஒரு அறைக்கு மட்டும் சமிக்ஞை மோசமென்றால், கூட்டிக் கட்டியபோது முறுக்கி ரேப் சுற்றிய மூட்டு ஒன்று அந்த வழியில் இருக்கலாம். தளர்ந்த மூட்டு சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். இணையத்துக்கு முன், அதை ஒரு மின்னிணைப்பாளரிடம் காட்டுங்கள்.