எஞ்சினோடு உடன்வர வேண்டியவை

ஒரு காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வேறொரு காரின் எஞ்சினை, பெரும்பாலும் கூடுதல் ஆற்றல் உள்ள ஒன்றை, பொருத்தி ஓட்டும் வழக்கம் கலிஃபோர்னியாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வேரூன்றிவிட்டது. வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் முயற்சி முளைவிட்டதும் அதே மாநிலத்தில்தான். லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண் எரியவைத்த புகைமூட்டம், எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதால் உண்டாகிறது என்று கால்டெக் நிறுவனத்தின் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்குக் கசியும் வாயுக்களைக் காற்றில் விடாமல் மீண்டும் எரியறைக்கே அனுப்பும் எளிய வால்வு ஒன்று, 1961இல் அங்கு விற்பனைக்கு வந்த புதிய கார்களில் இடம்பெற்றது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு கருவியும் எஞ்சினின் வடிவமைப்போடு மேலும் மேலும் பின்னிப் பிணைந்ததால், இன்று எஞ்சினை மட்டும் தனியே எடுத்து இன்னொரு காரில் வைப்பது என்பது பாதி வேலையைக்கூட முடித்ததாகாது.

அமெரிக்கக் கூட்டரசின் தூய காற்றுச் சட்டம், சான்று பெற்ற வாகனத்தின் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி எதையும் அகற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடைசெய்கிறது. கலிஃபோர்னியாவின் வாகனப் பழுதுபார்ப்பு ஆணையம் எஞ்சின் மாற்றத்துக்கு வைத்துள்ள விதிகள் மிகத் தெளிவானவை. புதிதாகப் பொருத்தப்படும் எஞ்சின், காரின் மாதிரி ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியச் சான்று பெற்ற காருக்குள் பிற மாநிலங்களுக்கென மட்டும் சான்று பெற்ற எஞ்சின் வரக்கூடாது. கனரக வாகன எஞ்சினை இலகுரக வாகனத்தில் வைக்கக்கூடாது. எஞ்சின் எந்தக் காரிலிருந்து வந்ததோ அந்தக் காரில் அதனோடு இருந்த மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் புதிய இடத்திலும் இருந்து, இயங்க வேண்டும். மாற்றத்துக்குப் பிறகு கார் முன்பைவிடக் கூடுதலாக மாசுபடுத்தக்கூடாது என்ற ஒரே நியாயமே இவை அனைத்துக்கும் அடிப்படை. அந்த நியாயத்தில் குறை காண இடமில்லை.

1988ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்றில் 1998ஆம் ஆண்டு ஷெவர்லே கமேரோவின் எல்எஸ்1 எஞ்சினைப் பொருத்துவதாகக் கொண்டால், அந்தக் கார் இனிமேல் 1998இன் அளவுகோலுக்கு ஈடுகொடுக்க வேண்டும். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எரிந்த வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளிழுப்புக் குழாய்க்குத் திருப்பி, எரியறையின் வெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடு உருவாவதைக் குறைக்கும் அமைப்புக்குப் புகை மறுசுழற்சி என்று பெயர். கமேரோவின் எல்எஸ்1 எஞ்சினில் தொடக்க ஆண்டுகளில் இருந்த இந்த அமைப்பு, 2001 முதல் நீக்கப்பட்டது. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு எஞ்சின்களில் ஒன்றுக்கு அது கட்டாயம், மற்றொன்றுக்குத் தேவையே இல்லை. ஆகவே, பழைய வாகனங்களை உடைத்து விற்கும் கிடங்கில் எஞ்சினை வாங்குபவர், அது எந்த ஆண்டின் எந்தக் காரிலிருந்து வந்தது என்பதற்கான சான்றையும், அந்தக் காரின் பானெட்டுக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு விவரச் சீட்டின் படத்தையும் சேர்த்தே பெற்றுக்கொள்வது பின்னாளின் பெரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

புகைக்குழாயில் அமர்ந்திருக்கும் வினையூக்கி மாற்றி, அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்ட கருவி. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் ஆக்சிஜனோடு சேர்த்தும், நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தும் அது ஒரே நேரத்தில் மூன்று மாசுகளைக் குறைக்கிறது. காற்றும் பெட்ரோலும் எடையில் ஏறக்குறைய 14.7க்கு 1 என்ற விகிதத்தில் கலந்து எரிந்தால் மட்டுமே இம்மூன்றும் ஒருசேர நிகழும் என்பதால், மாற்றிக்கு முன்னுள்ள ஆக்சிஜன் சென்சார் புகையில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை இடைவிடாமல் அளந்து எஞ்சின் கணினிக்குத் தெரிவிக்க, கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் அந்த விகிதத்தைக் காக்கிறது. பின்னுள்ள சென்சாருக்கு மாற்றி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிப்பதே பணி. வினையூக்கம் தொடங்க 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் தேவை. எஞ்சின் அறையில் இடம் போதவில்லை என்று மாற்றியைக் காரின் நடுப்பகுதிக்குத் தள்ளிவிட்டால், அது சூடேறத் தாமதமாகி, காலையில் வண்டியைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களின் புகை முழுவதும் சுத்தமாகாமலே வெளியேறிவிடும். மூல அமைப்பில் எஞ்சினிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்ததோ அதற்கு நெருக்கமாகவே மாற்றியை வைக்கச் சொல்வது இதனால்தான். பின் சென்சாரை இடைக்குழாய் ஒன்றால் புகையிலிருந்து விலக்கி வைத்து, மாற்றி நன்றாக இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் தந்திரம் சட்டப்படி குற்றம். அந்தக் காருக்குப் பின்னால் மூச்சு விடுகிறவர்களுக்குச் செய்யும் தீங்கும்கூட.

எல்லாவற்றிலும் அதிகமாக மறக்கப்படுவது, எஞ்சினை விட்டு வெகுதூரம் தள்ளி, பெட்ரோல் டேங்க்கின் அருகே இருக்கும் ஆவிக் கட்டுப்பாட்டு அமைப்பு. நிறுத்தி வைத்த காரின் டேங்க்கிலிருந்தும் பெட்ரோல் ஆவி எழுந்துகொண்டேதான் இருக்கும். செயலூட்டிய கரி நிரம்பிய ஒரு டப்பா அந்த ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ள, எஞ்சின் ஓடும்போது கணினி ஒரு வால்வைத் திறந்து அதை உள்ளிழுத்து எரித்துவிடுகிறது. 1996 முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமான இரண்டாம் தலைமுறைத் தன்னறிதல் முறை, டேங்க்கில் பொருத்திய அழுத்தச் சென்சாரின் துணையோடு இந்த அமைப்பில் கசிவு உண்டா என்றும் சோதிக்கிறது. முதலில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் துளைக்குச் சமமான கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றிருந்த அளவு, பின்னர் அரை மில்லிமீட்டராக இறுகியது. 1988ஆம் ஆண்டுக் காரின் டேங்க்கில் இந்தச் சென்சாரும் இல்லை, காற்றுப் போக்கை மூடும் வால்வும் இல்லை. எனவே அவற்றையும், டேங்க்கின் மூடி முதல் குழாய்கள் வரை கசியாத இணைப்புகளையும் அமைத்தாக வேண்டும். இதற்குச் சலித்துக்கொண்டு கணினி நிரலில் அந்தச் சோதனையையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. சோதனைக் கருவியை இணைத்த கணமே அந்த வெற்றிடம் திரையில் தெரிந்துவிடும்.

இவ்வளவையும் தனித்தனியாகத் தேடிச் சேர்ப்பதைவிட, விபத்தில் சிதைந்த முழுக் காரையே வாங்கி, எஞ்சின், கணினி, வயரிங், கரி டப்பா, சென்சார்கள் அனைத்தையும் அதிலிருந்தே எடுப்பது பெரும்பாலும் மலிவானது. மற்றொரு வழியாக, ஜெனரல் மோட்டார்ஸின் ஈ-ராட் தொகுப்பு போல, கலிஃபோர்னியக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதலோடு வினையூக்கி மாற்றி முதல் கரி டப்பா வரை சேர்த்தே விற்கப்படும் புதிய எஞ்சின்களும் உண்டு.

வேலை முடிந்ததும் காரை வழக்கமான புகைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுசெல்வதால் பயனில்லை. ரெஃபரி என்று அழைக்கப்படும் நடுநிலைப் பரிசோதகரிடமே செல்ல வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் கணினியின் சுயசோதனை முடிவுகள் அனைத்தும் அழிந்துவிடுவதால், குளிர்ந்த நிலையில் கிளப்புவது, சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டுவது, டேங்க் முழுவதும் நிரம்பாமலும் அடிவரை வற்றாமலும் வைத்திருப்பது எனச் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு செல்வதே முறை. பரிசோதனையில் தேறிய காரில், இனி அதற்கு எந்தெந்தக் கருவிகள் இருந்தாக வேண்டும் என்று குறிக்கும் சீட்டு ஒட்டப்படுகிறது. அடுத்தடுத்த சோதனைகளில் காரின் பழைய ஆண்டைப் பார்க்காமல் அந்தச் சீட்டைக் கொண்டே பரிசோதகர் சரிபார்ப்பார். 1975ஆம் ஆண்டுக்கும் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் உரிய பெட்ரோல் கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் புகைச் சோதனை இல்லை என்பதால் அவற்றின் உரிமையாளர்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஆனால் அந்தக் கார்களோடு தொழிற்சாலையிலிருந்து வந்த கருவிகளைக் கழற்றக் கூடாது என்ற சட்டம் அவற்றுக்கும் பொருந்தும்.