கன்ட்ரோலரைச் சாய்த்துக் கார் ஓட்டுவது எப்படி இயங்குகிறது?

டயரின் பிடிமானம், காரின் எடைப் பகிர்வு, சாலையின் சரிவு முதலியவற்றை இயற்பியல் விதிகளின்படி நொடிக்குப் பலமுறை கணக்கிட்டு, அக்கணக்கிலிருந்து காரின் போக்கை உருவாக்கும் வீடியோ விளையாட்டுகளே பந்தய சிமுலேஷன் எனப்படுகின்றன. இவற்றில் காரைத் திருப்பக் கட்டைவிரலால் அசைக்கும் அனலாக் ஸ்டிக் ஒரு வழி. மேசையில் பொருத்தும் ஸ்டீயரிங் சக்கரம் இன்னொரு வழி. இவ்விரண்டிற்கும் நடுவே, கன்ட்ரோலரையே இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமும் சாய்க்கும் மோஷன் கன்ட்ரோல் என்ற முறையும் ஏறக்குறைய கால் நூற்றாண்டாக இருந்துவருகிறது. சிறுவர்களுக்கே அது ஏற்றது என்று தேர்ந்த ஆட்டக்காரர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். அந்தத் தீர்ப்பில் பாதிதான் நியாயம் இருக்கிறது.

சாலையில் ஓடும் காரின் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று சுற்றுகள், அதாவது 900 பாகையும் அதற்கு மேலும் வேண்டும். அனலாக் ஸ்டிக்கின் முனையோ நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே நகரக்கூடியது; இத்தனை சிறிய அசைவில் நுட்பமான திருப்பம் இயலாது என்பதால், விளையாட்டை உருவாக்குவோர் ஸ்டிக்கின் அசைவை அப்படியே சக்கரத்துக்கு அனுப்பாமல், சற்றுத் தாமதப்படுத்தியும், வேகம் கூடக்கூடத் திருப்பும் கோணத்தைக் குறைத்தும் பின்னணியில் உதவுகின்றனர். ஸ்டிக்கால் ஓட்டுபவர் தம் திறமையென்று கருதுவதில் ஒரு பங்கு இந்த உதவிக்கு உரியது. கன்ட்ரோலரைச் சாய்க்கும்போது மணிக்கட்டும் முழங்கையும் சேர்ந்து பக்கத்துக்கு 60 பாகை வரை சிரமமின்றித் திரும்புவதால், கட்டைவிரலைவிடப் பலமடங்கு விரிந்த வீச்சு கைக்குக் கிடைக்கிறது.

இந்தச் சாய்வை அளப்பவை இரண்டு உணரிகள். முதலாவது முடுக்கமானி, சிலிக்கானில் செதுக்கிய மிக நுண்ணிய எடையொன்று மெல்லிய வில்களில் தொங்க, அது இடம்பெயரும் அளவை மின்தேக்குதிறன் மாற்றத்தால் அறியும் கருவி அது. அசைவின்றி வைத்த கன்ட்ரோலரில் அந்த எடை உணர்வது புவியீர்ப்பை மட்டுமே. கன்ட்ரோலர் 30 பாகை சாய்ந்தால் புவியீர்ப்பின் சரிபாதி அதன் பக்கவாட்டு அச்சில் பதிவாகும், அதிலிருந்து கோணம் கணக்கிடப்படும். ஆனால் புவியீர்ப்பையும் கையின் உலுக்கலையும் பிரித்தறிய முடுக்கமானிக்குத் தெரியாது. கை பக்கவாட்டில் நொடிக்கு நொடி 2 மீட்டர் என்ற சிறிய முடுக்கத்தோடு அசைந்தாலே, சாயாத கன்ட்ரோலர் 11 பாகைக்கும் மேல் சாய்ந்துவிட்டதாக அது காட்டும். இதைத் தவிர்க்கப் பல அளவீடுகளைச் சராசரியாக்கினால் நடுக்கம் குறைகிறது, ஆனால் தாமதம் கூடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், 50 மில்லிநொடித் தாமதத்துக்குள் ஏறத்தாழ 2.8 மீட்டர் கடந்துவிடும்.

இரண்டாவது உணரியான கைரோஸ்கோப், அதிரும் நுண்ணெடையின் மீது கோரியாலிஸ் விசை ஏற்படுத்தும் விலகலைக் கொண்டு, கன்ட்ரோலர் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அளக்கிறது. அது உலுக்கலால் ஏமாறுவதில்லை, விடையும் உடனே தருகிறது. எனினும் அது அளப்பது சுழற்சி வேகத்தை மட்டுமே. கோணத்தை அறிய அவ்வேகத்தைத் தொடர்ந்து கூட்டிவர வேண்டியிருப்பதால் சிறுசிறு பிழைகளும் உடன் கூடி, சில நிமிடங்களில் நடுப்புள்ளியே ஒருபுறமாக நகர்ந்துவிடுகிறது. ஆகவே உடனடி அசைவுக்குக் கைரோஸ்கோப்பையும், நீண்டகாலத் திருத்தத்துக்கு முடுக்கமானியையும் நம்பி இரண்டையும் கலந்து கணக்கிடுவதே இன்றைய வழக்கம். கன்ட்ரோலரை மேசைமீது வைத்த தட்டுபோல் கிடையாகப் பிடித்துத் திருகினால் புவியீர்ப்பின் திசை மாறாது என்பதால் முடுக்கமானி பயனற்றுப்போகும். முகம் ஆட்டக்காரரை நோக்குமாறு நிமிர்த்திப் பிடித்தால்தான் இக்கலவை சரியாக இயங்கும்.

2008-இல் நிண்டெண்டோ நிறுவனம் மாரியோ கார்ட் வீ விளையாட்டுடன் தந்த வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரம் இதனாலேயே வெற்றி பெற்றது. அதனுள் மின்னணுப் பொருள் எதுவும் இல்லை. வீ கருவியின் கன்ட்ரோலரான வீ ரிமோட்டைச் செருகிவைக்கும் வெறும் கூடு அது. அன்றைய வீ ரிமோட்டில் முடுக்கமானி மட்டுமே இருந்தது, கைரோஸ்கோப் அடுத்த ஆண்டில்தான் மோஷன் பிளஸ் என்ற தனி இணைப்பாக வந்தது. சக்கர வடிவம் ஆட்டக்காரரை நிமிர்த்திப் பிடிக்க வைத்ததால், இருந்த ஒரே உணரி போதுமானதாயிற்று. மாரியோ கார்ட் சிமுலேஷன் அன்று என்பது உண்மையே. எனினும் பிடிக்கும் முறையின் முக்கியத்துவத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டிய கருவி வேறில்லை எனலாம்.

அதற்கு முன்பே 1998-இல் மைக்ரோசாஃப்ட் சைட்வைண்டர் ஃப்ரீஸ்டைல் புரோ என்ற சாய்வுணரும் கன்ட்ரோலரை விற்றது. 2006-இல் சோனியின் பிளேஸ்டேஷன் 3 உடன் வந்த சிக்ஸாக்ஸிஸ், முடுக்கமானியுடன் ஒற்றை அச்சுக் கைரோஸ்கோப்பையும் கொண்டிருந்தது. ஆனால் முந்தைய கன்ட்ரோலர்களில் இருந்த அதிர்வு மோட்டார் அதில் இல்லாததால், சாலையின் சொரசொரப்பு கைக்கு எட்டவே இல்லை. 2011-இல் வெளியான ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 4, கைனெக்ட் கேமராவின் முன் வெறுங்கையை நீட்டி இல்லாத சக்கரத்தைத் திருப்பச் செய்தது; முடுக்கத்தையும் பிரேக்கையும் விளையாட்டே பார்த்துக்கொண்டதால் அது காட்சிப்பொருளாகவே முடிந்தது.

தேர்ந்த ஆட்டக்காரர் சாய்வுமுறையை ஒதுக்குவதற்கு உண்மையான காரணம் எதிர்விசையின்மை. ஓடும் காரில் முன்சக்கரங்களின் அமைப்பாலும் டயரின் உருக்குலைவாலும் ஸ்டீயரிங்கை நேராக்க முயலும் விசை ஒன்று எப்போதும் இருக்கும். பிடிமானம் குறையும் கணத்தில் அவ்விசை தளர்வதை ஓட்டுநரின் கை கண்ணுக்கு முன்பே உணரும். பின்பக்கம் வழுக்கும்போது ஸ்டீயரிங் தானே எதிர்த்திசையில் திரும்ப முனைவதால், காரை மீட்கும் வேலையில் பாதியைக் காரே செய்துவிடுகிறது. எதிர்விசை மோட்டார் கொண்ட சக்கரங்கள் இதையே போலச்செய்கின்றன. காற்றில் பிடித்த கன்ட்ரோலருக்கு இது இல்லை. ஸ்டிக்குக்கு உள்ள, விட்டவுடன் நடுவுக்கு இழுக்கும் வில்லும் இல்லை. ஆகவே நீண்ட, சீரான வளைவுகளில் சாய்வுமுறை ஸ்டிக்கைவிட நேர்த்தியாக அமைந்தாலும், வழுக்கும் காரை மீட்பதில் பின்தங்குகிறது.

மற்றொரு குறை அமைப்புகளால் வருவது, ஆகவே நீக்கக்கூடியது. தேய்ந்த ஸ்டிக் சரியாக நடுவுக்குத் திரும்பாது என்பதால், நடுவையொட்டிய சிறு அசைவுகளைப் பொருட்படுத்தாத டெட்ஸோன் என்ற பகுதியை விளையாட்டுகள் வைத்திருக்கின்றன. கணினியில் ஸ்டீம் இன்புட் போன்ற மென்பொருள் சாய்வை ஸ்டிக் அசைவாக மாற்றி அனுப்பும்போது, முதல் சில பாகைகளை இந்தப் பகுதி விழுங்கிவிடுகிறது. திருப்பியும் திரும்பாத கார் திடீரெனத் திரும்ப, ஓட்டுபவர் மறுபுறம் இழுக்க, நேர்ச்சாலையிலேயே பாம்புபோல் நெளிகிறது. விளையாட்டின் டெட்ஸோனைச் சுழியமாக்குவதும், ஸ்டிக்குக்கான திருப்ப உதவிகளை நிறுத்துவதும், மென்பொருளில் சுழற்சி வேகத்தையன்றிச் சாய்ந்த கோணத்தையே ஸ்டிக்கின் நிலையாக மாற்றும் முறையைத் தேர்வதும் இதற்கான மாற்று. துப்பாக்கி விளையாட்டுகளில் குறிபார்க்க உதவும் சுழற்சி வேக முறையை அப்படியே காருக்குப் பயன்படுத்தியதால் கைவிட்டவர்கள் பலர் இருக்கக்கூடும்.

2022-இல் வெளியான கிரான் டூரிஸ்மோ 7, சாய்வுமுறையைத் தன் அமைப்புகளிலேயே கொண்டிருப்பதால் பிளேஸ்டேஷன் வைத்திருப்போருக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் உள்ள ட்ரிகர் பொத்தான்கள் பிரேக்கின் இறுக்கத்தை விரலுக்கு உணர்த்தி, இழந்த எதிர்விசையில் ஒரு சிறு பகுதியை ஈடுசெய்கின்றன. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களில் கைரோஸ்கோப்பே இல்லை. எனவே ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பெருந்தொகை செலவிட எண்ணுவோர், கைரோஸ்கோப் உள்ள கன்ட்ரோலர் ஏற்கெனவே கையில் இருக்குமானால், குறைந்த ஆற்றலுள்ள காரையும் அகன்ற வளைவுகள் கொண்ட பாதையையும் தேர்ந்து, சாய்வின் வீச்சைப் பக்கத்துக்கு 45 முதல் 60 பாகையாக வைத்துச் சில வாரங்கள் ஓட்டிப் பார்த்தபின் முடிவெடுப்பது நல்லது.