நகர்ந்து செல்லும் நகரம்

குடும்பமொன்று வீடு மாறுவது நாம் அன்றாடம் காணும் நிகழ்ச்சி. ஆனால் ஒரு நகரமே தன் கடைத்தெருவையும் நகரமண்டபத்தையும் தேவாலயத்தையும் உடன்கொண்டு இடம் மாறுவது விந்தையன்றோ? சுவீடன் நாட்டின் வடகோடியில், துருவ வட்டத்துக்கும் அப்பால் அமைந்த கிரூனா நகரம் இவ்வாறு நகர்ந்துகொண்டிருக்கின்றது.

இந்நகரைத் தோற்றுவித்தது இரும்பு. இன்று அதனைப் பெயர்ப்பதும் அதே இரும்புதான். 1890இல் நிறுவப்பெற்ற எல்.கே.ஏ.பி. என்னும் சுரங்கக் கம்பனியின் தொழிலாளருக்காகவே 1900இல் கிரூனா உருவாயிற்று. அங்குள்ள இரும்புத் தாதுப் படிவு ஏறத்தாழ 4 கிலோ மீற்றர் நீளமும் சராசரி 80 மீற்றர் தடிப்பும் கொண்டது. சாய்த்து வைத்த பெரும் பலகைபோல் அது நகரை நோக்கிச் சரிந்து, ஆழத்தில் நகரின் கீழேயே செல்கின்றது.

நெற்குதிர் ஒன்றின் அடிவாயைத் திறந்துவிட்டால் என்ன நிகழும்? கீழே நெல் சொரியச் சொரிய, மேலே குழி விழும். ஓரத்து நெல்லும் அக்குழியை நோக்கிச் சரியும். கிரூனாவிற் கையாளப்படும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே. பூமிக்குள் தட்டுத் தட்டாகக் குடைபாதைகள் அமைத்துத் தாதுவை வெடிவைத்து உடைத்து எடுக்கின்றனர். தாது அகன்ற வெற்றிடத்தில், அதன்மேல் கவிந்திருக்கும் பாறை தானாகவே இடிந்து விழுமாறு விட்டுவிடுகின்றனர். இதனாற் செலவு குறைவு; கிடைக்கும் தாதுவோ மிகுதி. ஆனால் அந்த இடிவு மெல்ல மெல்ல மேலேறி, நிலமட்டத்தில் வெடிப்பாகவும் தாழ்வாகவும் வெளிப்படுகின்றது.

பாறை இடிந்து விழுவது மட்டுமே ஆபத்து என எண்ணிவிடலாகாது. விழவேண்டிய பாறை விழாது நிற்பது அதனினும் கொடிது. அவுஸ்திரேலியாவின் நோர்த்பாக்ஸ் சுரங்கத்தில் இவ்வாறு பாறை நின்றுபோனமையால் அதன்கீழே பெரும் வெற்றிடம் உண்டாயிற்று. 1999 நவம்பரில் அக்கூரை திடீரென வீழ்ந்தபோது, உள்ளே அடைபட்டிருந்த காற்று சூறாவளியெனப் பாய்ந்து நால்வரின் உயிரைக் குடித்தது. ஆகவே எடுக்கும் தாதுவின் அளவும், விழும் பாறையின் அளவும், இடையிலுள்ள வெற்றிடத்தின் உயரமும் இடைவிடாது கணிக்கப்படல் வேண்டும்.

கிரூனாவில் நிலத்தின் நாடியைப் பலவாறு பார்க்கின்றனர். நிலத்தில் நாட்டிய குறிகளின் அசைவைச் செய்மதிகளின் துணைகொண்டு அளக்கின்றனர். சுரங்கத்தினுள்ளே பொருத்திய கருவிகள் பாறையின் சிறு முனகலையும் பதிவுசெய்கின்றன. இத்தனை இருந்தும், 2020 மே 18ஆம் நாள் அதிகாலையில் சுரங்க வேலையின் விளைவாக 4.9 அளவினதான அதிர்வு ஒன்று ஏற்பட்டது. உயிர்ச்சேதம் இல்லையெனினும், சுரங்கத்தின் ஒரு பகுதியில் வேலை நிறுத்தப்பட்டது. அளத்தல் அவசியமானதே, ஆனால் அளந்துவிட்டதனால் பூமி நமக்கு அடங்கிவிட்டது என்று பொருளாகாது.

இதனை உணர்ந்தே, வெடிப்பு வாசலுக்கு வரும்வரை காத்திராது, நகரின் ஒரு பகுதியைப் பெயர்க்கவேண்டும் என்று 2004இலேயே அறிவித்தனர். சுரங்கத்தால் விளையும் சேதத்துக்குச் சுரங்கக் கம்பனியே பொறுப்பு என்பது அந்நாட்டுச் சட்டம். வீட்டுக்காரர் புதிய வீட்டைப் பெறலாம். அன்றேல் சந்தை விலையோடு அதன் காற்பங்கையும் சேர்த்துப் பணமாகப் பெறலாம். வீடுகள் அகன்ற நிலத்தைச் சுரங்கத்துக்கும் ஊருக்கும் இடையே பூங்காவாக்கி, நிலம் தளரத் தளர வேலியிட்டு அடைக்கின்றனர். கிழக்கே சுமார் 3 கிலோ மீற்றர் தொலைவில் அமைந்த புதிய நகர மையம் 2022இல் திறந்துவைக்கப்பட்டது. 1912இல் எழுந்த மரத் தேவாலயத்தையோ பிரிக்கவில்லை. 672 தொன் எடையுள்ள அக்கட்டடத்தை அப்படியே வண்டிகளில் ஏற்றி, 2025 ஆகத்து 19, 20ஆம் நாட்களில் 5 கிலோ மீற்றர் தூரம் நகர்த்தினர். மக்கள் வீதியோரங்களில் திரண்டு நின்று அதனை வழியனுப்பினர்.

தேவாலயத்தைப் பெயர்த்து வைக்கலாம். அதனைச் சூழ்ந்திருந்த தெருக்களையும், தலைமுறைகள் பழகிய அயலையும் எந்த வண்டியில் ஏற்றுவது? காற்பங்கு கூட்டிக் கொடுத்த பணமும் அதற்கு ஈடாகாது. சுரங்கம் இல்லையேல் கிரூனா மக்களுக்குத் தொழில் இல்லை. சுரங்கம் இருக்கும்வரை அவர்கள் காலடி நிலத்துக்கு உறுதியில்லை. இந்த இக்கட்டை எந்தப் பொறியியலாலும் முற்றாக நீக்கிவிட முடியாது. முன்கூட்டியே உண்மையைக் கூறுதல், ஓயாது அளத்தல், இழப்போருக்கு நியாயம் செய்தல் ஆகிய மூன்றுமே மனிதரால் ஆகக்கூடியவை. மண்ணின் அடியிற் கைவைக்கும் எந்த நாடும் இம்மூன்றையும் மறத்தலாகாது.