தீயுண்ட நிலத்துக் கிண்ணப் பங்கசுகள்

காட்டை எரித்த தீ அவிந்தபின் எஞ்சுவது உயிரற்ற கரிநிலமே என எண்ணுதல் இயல்பு. எனினும், மழை பெய்து சில வாரங்கள் கழியுமுன்னரே அக்கரிய நிலத்தின்மீது செம்மஞ்சள் நிறமான மெல்லிய படை ஒன்று பரந்து தோன்றுதல் உண்டு. அணுகி நோக்கின், அது ஓரிரு மில்லிமீற்றர் அகலமுடைய எண்ணிறந்த சிறு கிண்ணங்களின் தொகுதி என்பது புலனாகும். இது பைரனீமா என்னும் கிண்ணப் பங்கசு. கிண்ணத்தின் உட்புறத்தே நெருங்கி நிற்கும் நுண்ணிய பைகள் ஒவ்வொன்றும் எட்டு வித்திகளைத் தாங்கி, முதிர்ந்ததும் அவற்றை விசையுடன் காற்றில் எறியும்.

இப்பங்கசு தீயுண்ட நிலத்தை நாடுவது ஏன்? சாம்பரே இதற்கு உரம் என ஒருவர் கருதலாம். ஆயின், சாம்பர் சிறிதும் கலவாத, நீராவியாற் சூடேற்றித் தூய்மை செய்யப்பட்ட நாற்றுமேடை மண்ணிலும் பைரனீமா செழித்து வளர்கின்றது. ஆகவே முதற் காரணம் வெப்பமேயாம். வெப்பம் மண்ணிலுள்ள ஏனைய நுண்ணுயிர்களை அழிக்கின்றது. அழிந்தவற்றின் உடல்களே உணவாகின்றன. போட்டியற்ற இடமும் ஆயத்தமான உணவும் ஒருங்கே வாய்த்தலால், விரைந்து வளரும் பைரனீமா அந்நிலத்தைக் கைக்கொள்கின்றது. எளிதிற் சிதையாத கரியையும் இது ஓரளவு சிதைத்துக் காபனீரொட்சைட்டாக மாற்றவல்லது என்பதை 2021 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

இவ்வினத்தின் உறவு யாவும் இங்ஙனம் தீங்கற்றன என்று கொள்ளற்க. றைசினா அந்துலாற்றா என்பது கிண்ணப் பங்கசுகளுக்கு நெருங்கிய உறவாயினும், நிலத்தோடு படிந்த கபில நிறத் தட்டுப்போலத் தோன்றுவது. இதன் வித்திகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, ஏறத்தாழ 35 முதல் 45 பாகை செல்சியசு வரையான வெப்பம் பட்டவுடன் விழித்து முளைக்கும். பின்னர் அருகிலுள்ள ஊசியிலை மரங்களின் வேர்களைத் தாக்கிக் கொல்லும். பிரித்தானியாவின் ஊசியிலைத் தோட்டங்களில் மரங்கள் கூட்டங் கூட்டமாகப் பட்டுப்போயின. காரணத்தை ஆராய்ந்தோர், அவ்வழிவு ஒவ்வொன்றின் நடுவிலும் தொழிலாளர் தேநீர் காய்ச்ச மூட்டிய சிறு நெருப்பின் தடத்தைக் கண்டனர். அந்நெருப்புக்களைத் தவிர்த்தபோது நோயும் பெரிதும் குறைந்தது.

ஒரே வெப்பம் ஒரு பங்கசுக்கு வெற்றிடத்தை அளிக்கின்றது. மற்றொன்றைத் துயிலெழுப்பி மரங்களுக்குக் கூற்றாக்குகின்றது. நெருப்பு அவிந்ததும் அதன் செயல் முடிந்துவிட்டதெனக் கருதுதல் தவறு. மண்ணினுள்ளே அது தொடங்கிய மாற்றம் பல ஆண்டுகள் நீடித்தலுங் கூடும்.