சென்னைக்குக் குடிபோகும் முன் ஒரு புழுக்கக் கணக்கு

2023 ஏப்ரலில் எனக்குச் சென்னையில் ஒரு வேலை வந்தது. பெங்களூரில் வாங்கிக்கொண்டிருந்ததைவிட மாசம் 12,000 ரூபாய் அதிகம். வாடகையும் நாலாயிரம் குறையும்போலத் தெரிந்தது. ஆக, கையில் 16,000 ரூபாய் மிச்சம். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்கள் ஆபீஸில். யோசிக்க இருந்தது. வீட்டில் அம்மாவுக்கு 71 வயசு, பத்து வருஷமாக ரத்த அழுத்த மாத்திரை. பதினெட்டு வருஷமாக ஏசி இல்லாத வீட்டில், ராத்திரி போர்வை போர்த்திக்கொண்டு தூங்கிப் பழகியவர்.

முடிவு எடுப்பதற்குள் ஒரு நோட்டு நிறையக் கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். என் கணக்கு சென்னைக்கானது. கடலோரத்து ஊர் எதற்குப் போவதானாலும் இதே வழியில் போட்டுப் பார்க்கலாம்.

முதல் தப்பு: வெயிலை மட்டும் பார்ப்பது

பெங்களூரிலும் ஏப்ரலில் 34, 35 டிகிரி வருகிறது. சென்னையில் மே மாசம் 37, 38. "மூணு டிகிரிதானே வித்தியாசம்" என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் ஈரப்பதத்தைப் பார்த்தால் இன்னும் குழப்பம். பெங்களூர் விடியற்காலையில் 90 சதவீதம், சென்னை மதியத்தில் 60 சதவீதம். அப்படியானால் பெங்களூர்தானே புழுங்க வேண்டும்?

குழப்பம் அந்த 'சதவீதத்தில்' இருக்கிறது. காற்று சூடாக ஆக, அதிக நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 90 சதவீதம் என்றால் 16 கிராம்கூட இல்லை. 35 டிகிரியில் கிட்டத்தட்ட 40 கிராம் தாங்கும். அதில் 60 சதவீதம் என்றால் 24 கிராம். சதவீதம் குறைவாகத் தெரிகிற இடத்தில்தான் தண்ணீர் அதிகம்.

அதனால் பார்க்க வேண்டிய எண் டியூ பாயின்ட், பாடப்புத்தகத் தமிழில் பனிநிலை. காற்றை எந்த வெப்பநிலைவரை குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ, அந்த எண். வானிலை ஆப்கள் பலவற்றில் இது இருக்கிறது, கொஞ்சம் உள்ளே தேட வேண்டும். மேலே சொன்ன பெங்களூர்க் காலையின் பனிநிலை 18 டிகிரி. சென்னை மதியத்தின் பனிநிலை 26.

இந்த எட்டு டிகிரி உடம்பை என்ன செய்கிறது? வேர்வை வழிவதால் நமக்குக் குளிர்ச்சி இல்லை, அது ஆவியானால்தான் குளிர்ச்சி. ஒரு லிட்டர் வேர்வை முழுசாக ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அது ஆவியாகும் வேகம், தோலில் இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் காற்றில் இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. தோல் 35 டிகிரி என்று வைத்துப் போட்டுப் பார்த்தால், பனிநிலை 26 ஆக இருக்கும்போது அந்த இடைவெளி, 18 ஆக இருக்கும்போது உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. வேர்த்து ஊத்தும், ஆனா காயாது. இதைத்தான் 'கசகசன்னு இருக்கு' என்கிறோம்.

அதைவிட முக்கியம் ராத்திரி. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றிலும் ஈரம் குறைவு, அதனால் கோடையிலும் இரவு 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும். சென்னையில் மே மாசம் விடியற்காலையிலேயே 28. பகலில் பட்ட சூட்டிலிருந்து உடம்பு மீள்வதற்கு இடைவேளையே கிடைப்பதில்லை.

பத்து நாள் ஒத்திகை

தாளில் போட்ட கணக்கை நம்பாமல், மே மாசம் பத்து நாள் லீவு போட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நங்கநல்லூரில் மாமா வீட்டுக்குப் போனோம். நானூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் கையில் கொண்டுபோனேன். அம்மாவுக்கு ஏசி அறை கொடுத்தும் படுக்க மாட்டேன் என்றார். "மூட்டு வலிக்கும்டா, எனக்கு ஃபேன் போதும்." நானும் என் நோட்டில் 'ஒரு ஏசி போதும்' என்று எழுதிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைசுற்றல். பக்கத்து டாக்டர் பார்த்தார்: உடம்பில் நீர் குறைந்து, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. அம்மா சாப்பிடுவது சிறுநீரை அதிகமாக்கும் வகை மாத்திரை. வேர்வையிலும் நீர் போகிறது, மாத்திரையிலும் போகிறது. வயசானவர்களுக்குத் தாகம் தெரிவதே குறைவு, வேர்ப்பதும் குறைவு. இளவயசுக்காரன் 'கசகச' என்று சொல்லிவிட்டுக் கடக்கிற ராத்திரியை, அந்த உடம்பு வேறு மாதிரி கடக்கிறது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் பிறகு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அதை நாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது, ஊர் மாறுவதற்கு முன்பே போய்க் கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி நோட்டில் 'ஒரு ஏசி' என்பதை அடித்துவிட்டு 'இரண்டு' என்று எழுதினேன். 'ஏசி வாங்கினா எவ்வளவு ஆகும்' என்பதோடு, அம்மா கூச்சப்படாமல் அதை ஓட விடுகிற மாதிரி பில் இருக்குமா என்பதும் கேள்வியாகிவிட்டது. ஏனென்றால் அவர் ஏசியை மறுத்ததற்கு மூட்டுவலி பாதிக் காரணம்தான், மீதி கரண்ட் பில்.

ஏர் கூலர் வாங்கினால் என்ன என்று மாமா கேட்டார். டெல்லிக்கு அது சரி. அங்கே மே மாசம் 42 டிகிரி, 15 சதவீத ஈரம் என்றால், தண்ணீர் தெளித்த காற்று அதிகபட்சம் 22 டிகிரி வரை இறங்க முடியும். சென்னையில் 35 டிகிரி, 60 சதவீதத்தில் அந்த எல்லை 28-க்கு மேல். அந்தக் காற்றும் ஈரம் சொட்டச் சொட்டத்தான் வரும். புழுக்கத்துக்குப் புழுக்கத்தையே மருந்தாகக் கொடுப்பது போல.

கரண்ட் பில்: படிக்கட்டு எங்கே இருக்கிறது

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாசத்துக்கு ஒரு முறை. நான் கணக்குப் போட்டபோது இருந்தது 2022 செப்டம்பரில் வந்த கட்டணம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த 100-க்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6. ஆனால் 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.50. பிறகு 600 வரை 8, 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11.

இதன் விளைவைப் பாருங்கள். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்.

எங்கள் வீட்டுக்கான கணக்கு, இரண்டு மாசத்துக்கு:

- ஃபிரிட்ஜ்: 60 யூனிட்
- விளக்கு, டிவி, வாஷிங் மெஷின், மிக்ஸி, மோட்டார்: 90
- நாலு சாதா ஃபேன், 75 வாட், தினம் 15 மணி நேரம்: 270
- ஒரு ஏசி (ஒன்றரை டன், இன்வெர்ட்டர்), ராத்திரி 9 மணி நேரம்: மணிக்குச் சராசரி 0.6 யூனிட் என்று வைத்து 324

இரண்டு ஏசியோடு மொத்தம் 1,068 யூனிட், பில் 7,298 ரூபாய். இதே வீட்டில் நாலு ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 162 யூனிட் குறையும். 906 யூனிட், 5,610 ரூபாய். ஃபேன் மாற்றியதில் மட்டும் 1,688 ரூபாய் மிச்சம். ஏசி ஓடாத மாசங்களில் அதே 162 யூனிட்டின் மதிப்பு 759 ரூபாய்தான். ஒவ்வொரு யூனிட்டும் படிக்கட்டின் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது. வருஷத்தில் நாலு பில் ஏசியோடு, இரண்டு பில் ஏசி இல்லாமல் என்றால், ஃபேனுக்குப் போட்ட 12,000 ரூபாய் ஒன்றரை வருஷத்தில் திரும்ப வந்துவிடும்.

ஏசி பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. ராத்திரி மட்டும் எட்டு மாசம் ஓட்டினாலே நமக்கு 2,100 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதோடு, ஏசி செலவில் ஒரு பகுதி ஈரத்தைப் பிழியவே போகிறது. அம்மா இப்போது ஏசி பைப்புக்கு அடியில் பக்கெட் வைத்துச் செடிக்கு ஊற்றுகிறார். ராத்திரியில் ஐந்து லிட்டர் சேர்ந்தால், காற்றிலிருந்து அவ்வளவு தண்ணீரை எடுப்பதற்கே ஏறக்குறைய ஒரு யூனிட் போயிருக்கிறது என்று அர்த்தம். ஏசி போட்ட பிறகு ஜன்னலைத் திறந்து வைக்காதே என்று பெரியவர்கள் கத்துவதற்குச் சூட்டைவிட இதுதான் பெரிய காரணம்.

வீடு பார்க்கும்போது

வேலைக்கு ஒப்புக்கொண்டேன். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழை முடிந்த இரண்டு வாரத்தில் வீடு தேடினோம். கெட்ட நேரம் என்றார்கள். எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. எந்தத் தெருவில் சுவரில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு இருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்தது. வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் வாடகை ஏன் குறைகிறது என்று கேட்கவே தேவையில்லை.

நான் கற்றுக்கொண்டவை:

ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் கான்கிரீட் பகல் பூராவும் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரிதான் கக்கும். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்த அறை ஏசிக்குத் தினமும் வேலை.

கிழக்கிலோ தென்கிழக்கிலோ ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். மேற்குக் காற்று அதைத் தடுக்கிற நாட்களில்தான் சென்னை 40-ஐத் தாண்டுகிறது. கரண்ட் போனால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனைத்தான் ஓட்டும், ஏசியை ஓட்டாது. அந்த நேரத்துக்கு இந்த ஜன்னல்தான் துணை.

ஈ.பி. மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியா என்று கேளுங்கள். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் சப்-மீட்டர். "யூனிட்டுக்கு ஒன்பது ரூபா, அவ்வளவுதான் சார்" என்றார் உரிமையாளர். அவ்வளவுதான் என்றால், முதல் 100 யூனிட் இலவசமும் போச்சு, கீழ்ப்படிகளும் போச்சு. 906 யூனிட்டுக்கு 5,610-க்குப் பதில் 8,154. வாடகை குறைவென்று நினைத்த வீடு அதுதான்.

கடலுக்கு ரொம்பப் பக்கம் என்றால் உப்புக் காற்று ஏசியின் வெளிப்பெட்டி, கேட், சைக்கிள் எதையும் விடாது. காற்றுக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

மொத்தக் கணக்கு

கரண்ட்: வருஷத்துக்கு நாலு தடவை 5,610, இரண்டு தடவை 486. மாசத்துக்குச் சுமார் 1,950 ரூபாய். பெங்களூரில் மாசம் 120 யூனிட்தான் செலவு. 2023-ல் கிருஹ ஜோதித் திட்டம் வந்த பிறகு எங்கள் பில் பூஜ்யம். இரண்டு ஏசியும் மாட்டுக்கூலியும் 90,000. எட்டு வருஷம் உழைக்கும் என்று வைத்தால் மாசம் 940. சர்வீஸுக்கு 250. கோடையில் லாரித் தண்ணீர்ப் பங்குக்கு 500. ஆக மாசம் 3,640 ரூபாய். 16,000 என்று நினைத்த மிச்சம் 12,400-க்கு வந்து நின்றது. முதல் வருஷம் அதிலும் ஃபேனுக்கும் லாரி வாடகைக்கும் ஒரு பகுதி போகும்.

அப்படியும் லாபம்தான். ஆனால் முன்னாலேயே 3,640-ஐ ஒதுக்கி வைத்ததில்தான் விஷயம். அதை 'கிடைத்த மிச்சம்' என்று நினைத்திருந்தால் ஒவ்வொரு ராத்திரியும் ஏசியை அணைக்கிற கை அம்மாவுடையதாக இருந்திருக்கும்.

2024 ஜனவரியில் குடிவந்தோம். வேண்டுமென்றே ஜனவரி. சூட்டுக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும். சென்னை ஜனவரியிலிருந்து மெல்ல மெல்லச் சூடேறுவதால் அந்தப் பழக்கம் தானாக நடந்தது. மே-ஜூன் பில் 934 யூனிட், 5,890 ரூபாய். கணக்கைவிட 280 ரூபாய் அதிகம்.

பில்லை அம்மாவிடம் காட்டவில்லை. "எவ்வளவு வந்தது?" என்று கேட்டார். "நோட்டில் எழுதினதுதான்" என்றேன். அன்றைக்கு ராத்திரியும் 27-ல் ஏசி, மேலே ஃபேன், காலில் சாக்ஸ். போர்வையைத் தேடி எடுத்துக்கொண்டார்.