நாலு தந்தி, ஒரு வில் – 9: எப்படி என்று கேட்டவர்

சென்ற வாரம் டேவிட் பாப்பரின் புடாபெஸ்ட் வகுப்பறையில் நிறுத்தியிருந்தோம். பாப்பரிடம் கற்றவர் அடால்ஃப் ஷிஃபர். ஷிஃபரிடம் கற்றவர்தான் இந்த வாரத்து நாயகர், யானோஸ் ஸ்டார்க்கர்.

1924 ஜூலை 5 அன்று புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். டிபோர், எடே என்று இரண்டு அண்ணன்மார், இருவருக்கும் வயலின். கடைக்குட்டிக்கு ஆறு வயதில் செல்லோ. எட்டு வயதில் தன்னைவிடச் சின்னக் குழந்தைக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டு வயதில் அவரிடம் ஐந்து மாணவர்கள்! பதினாலு வயதில், வாசிக்க வேண்டியவர் வர முடியாமல் போக, மூன்றே மணி நேர அவகாசத்தில் மேடையேறி த்வோர்ஷாக்கின் செல்லோ கான்செர்ட்டோவை வாசித்தார்.

பிறகு போர் வந்தது. டான்யூப் நதியின் செபெல் தீவில் ஸ்டார்க்கரும் பெற்றோரும் அடைத்துவைக்கப்பட்டார்கள். அவர்கள் உயிரோடு திரும்பினார்கள். அண்ணன்மார் திரும்பவில்லை. நாஜிகள் அவர்களைக் கொன்றது எங்கே, எப்படி என்பதுகூடக் கடைசிவரை துலங்கவில்லை.

போர் முடிந்ததும் புடாபெஸ்ட் ஆப்பெராவில் முதல் செல்லோ நாற்காலி கிடைத்தது. ஆனாலும் 1946ல் நாட்டை விட்டுக் கிளம்பினார். வியன்னாவில் கச்சேரி, ஜெனீவாவில் போட்டி. முதல் பரிசு வரவில்லை. அதைவிடப் பெரிய அடி உள்ளுக்குள் விழுந்தது: அதுவரை தானாக ஓடிய கை, தடுமாற ஆரம்பித்தது. யோசித்தால் விரல் எங்கே போய் விழும் என்பதே நிச்சயமில்லை. பாடத் தெரிந்த பறவைக்குத் தான் எப்படிப் பாடுகிறோம் என்று தெரியாது. மேதைக் குழந்தைகளின் கதியும் அதுதான் என்று பின்னாளில் சொல்வார்.

இந்த இடத்தில் பலர் சாதகத்தை இரட்டிப்பாக்குவார்கள். ஸ்டார்க்கர் வில்லைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பலம் விரலிலிருந்து வருகிறதா, முதுகிலிருந்தா? கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவதற்கு முன்பு உடம்பு என்ன செய்கிறது? மூச்சுக்கும் வில்லுக்கும் என்ன உறவு? தெரியாமல் செய்துவந்த ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, தெரிந்து செய்யப் பழகினார். லிஸ்ட் அகாடமியில் லியோ வெய்னர் சொல்லிக்கொடுத்திருந்த ஒன்று அப்போது கைகொடுத்தது. நம் வாசிப்பை நாமே காது கொடுத்துக் கேட்பது.

இந்தச் சோதனைக்கு பாரிஸில் விடை கிடைத்தது. சோல்டான் கோடாய் 1915ல் எழுதிய தனிச் செல்லோ சொனாட்டாவை அங்கே பதிவு செய்தார். துணைக்குப் பியானோ கிடையாது. கீழ் ஸ்தாயித் தந்திகள் இரண்டையும் அரை ஸ்வரம் இறக்கி ஸ்ருதி சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் ஒரே ஆள், ஒரு கிராமத்து வாத்தியக் கோஷ்டியையே கண்முன் நிறுத்த வேண்டும். பதினைந்து வயதில் கோடாய்க்கே வாசித்துக் காட்டித் திருத்தம் வாங்கிய படைப்பு அது. அந்த இசைத்தட்டு 1948ல் பிரான்சின் ‘கிராண்ட் பிரி டு டிஸ்க்’ விருதைப் பெற்றது.

அதே வருடம் கப்பலேறினார். அமெரிக்காவில் அவருக்குக் கதவு திறந்தவர்களும் புடாபெஸ்ட்காரர்களே. டாலஸ் இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தவர் அன்டால் டொராட்டி. அடுத்த வருடம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவுக்கு அழைத்தவர் ஃபிரிட்ஸ் ரெய்னர். 1953ல் ரெய்னர் சிகாகோவுக்குப் போனபோது இவரும் கூடவே போனார். ஆக, பத்தாண்டுகள் இசைக்குழு நாற்காலியில்.

1958ல் அந்த நாற்காலியையும் விட்டார். இந்தியானா மாநிலத்தின் ப்ளூமிங்டன் என்ற சிறு ஊரில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலை. உலகம் சுற்றி வாசிப்பதும் தொடர்ந்தது. 150க்கும் மேற்பட்ட இசைப்பதிவுகள் வந்தன. பாக்கின் ஆறு தனிச் செல்லோ ஸ்வீட்களை மட்டும் ஐந்து முறை பதிவு செய்தார். ஐந்தாவது, 1998ல் கிராமி விருது வாங்கித் தந்தது. மேடையில் முகம் அசையாது, தலை ஆடாது. உணர்ச்சியே இல்லாத வாசிப்பு என்று குறை சொன்னவர்களும் உண்டு. உருக வேண்டியவர் கேட்பவர்தான், வாசிப்பவர் அல்ல என்பது அவர் கட்சி. பிடிவாதக்காரர். மேடைக்குப் பின்னால் புகைபிடிக்கக் கூடாது என்றதற்காக ஒரு கச்சேரியையே உதறிவிட்டுப் போனவர்.

ஆனால் ப்ளூமிங்டன் அறையில் அவர் செய்ததுதான் அவருடைய பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாணவர் ஒரு வரியை அழகாக வாசித்தால் பாராட்டோடு விடமாட்டார். எப்படிச் செய்தாய் என்று கேட்பார். கை பொய்த்துப்போன அந்த மாதங்களில் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. வரமாகக் கிடைத்ததை மட்டும் நம்பியிருந்தால் அவர் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது. தொலைத்து, தேடி, வழி கண்டுபிடித்தவர் என்பதால் அந்த வழியைக் காட்ட முடிந்தது. ஜப்பானின் த்சுயோஷி த்சுத்சுமி, ஜெர்மனியின் மரியா க்ளீகல் என்று அந்த அறையிலிருந்து கிளம்பியவர்கள் பல நாடுகளில் வகுப்பெடுத்தார்கள்.

2013 ஏப்ரல் 28 அன்று, 88 வயதில், ப்ளூமிங்டனிலேயே காலமானார்.

1966ல் செல்லோ மேதை பாப்லோ கசல்ஸின் வகுப்புக்குப் புடாபெஸ்டிலிருந்து ஒரு பதினெட்டு வயதுப் பையன் போனான். ஸ்டார்க்கரைப் போல அவன் ஊரை விட்டுப் போய்விடவில்லை. கற்றுக்கொண்டு புடாபெஸ்டுக்கே திரும்பினான். பெயர் மிக்லோஷ் பெரேனி.

அவரை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)