ஓட்ஸ் இருக்கட்டும், முதலில் அரிசி டம்ளரைப் பாருங்க

போன வாரம் திருப்பூரில் இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "அக்கா, எனக்கு மாசம் 18 ஆயிரம் சம்பளம். எடை குறைக்கணும்னு யூட்யூப் பார்த்தா ஓட்ஸ், அவகாடோ, பாதாம்னு சொல்றாங்க. அதெல்லாம் வாங்கினா வீட்டு வாடகையை யார் கட்டுறது?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. ஆனா நான் ரெண்டு நாள் அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஏன்னா அதே இடத்தில்தான் நானும் நின்னேன்.

என் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். என் உயரம் 156 செ.மீ., அப்போ எடை 78 கிலோ. எங்க அம்மா சர்க்கரை நோயால் பார்வை மங்கி, கடைசி நாலு வருஷம் தொட்டுத் தடவித்தான் நடமாடினாங்க. எனக்கு ரத்தப் பரிசோதனையில் மூணு மாச சராசரி சர்க்கரை 6.1 வந்தது. 5.7-க்கு மேல், 6.5-க்குக் கீழ் இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அந்தச் சீட்டைக் கையில் வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபோது அம்மா கண்ணுதான் ஞாபகம் வந்தது.

பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? தெரிஞ்சவங்க ஒருத்தர் மூலமா ரெண்டு டப்பா ஷேக் பவுடர் வாங்கினேன், 5,200 ரூபாய். பையனோட டியூஷன் காசு அது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பதிலா அதைக் குடிச்சு ஒரே மாசத்தில் மூணு கிலோ குறைஞ்சேன். டப்பா தீர்ந்த ரெண்டாவது மாசம் நாலு கிலோ ஏறினேன். மறுபடி வாங்கக் காசு இல்லை. நல்லவேளை இல்லை.

அதுக்கப்புறம்தான் என் சொந்தத் தொழில் புத்தியைப் பயன்படுத்தினேன். நான் மதுரையில் ஒரு கடையில் கணக்கு எழுதுறவ. ஊர்க் கணக்கெல்லாம் எழுதுறேன், என் வீட்டு அடுப்படிக் கணக்கை எழுதினதே இல்லை. ஒரு வாரம் எதையும் மாத்தாம, உள்ளே போறதை மட்டும் நோட்டில் எழுதினேன்.

முதல் ஆச்சரியம் அரிசி. நாங்க நாலு பேர். மதியத்துக்கு மூணு டம்ளர் அரிசி போடுவேன். எங்க டம்ளர் சரியா 150 கிராம் பிடிக்குது. தினமும் ஒரு பெரிய கிண்ணம் சோறு மிஞ்சும். அதை யார் சாப்பிடறாங்கன்னு எழுதிப் பார்த்தா, நான்தான்! கடையில் இருந்து வந்ததும், நாலரை மணிக்கு, அடுப்பு மேடைப் பக்கத்தில் நின்னுக்கிட்டே, குழம்புச் சட்டியைத் துடைச்சு. அதைச் சாப்பாடுன்னே நான் கணக்கில் எடுத்ததில்லை. "கொட்ட மனசு வரல"ன்னு ஒரு பேர் வெச்சிருந்தேன். அந்தக் கிண்ணம் அரை டம்ளர் அரிசி, அதாவது 75 கிராம். அரிசி 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி. அப்போ நின்னுக்கிட்டே நான் சாப்பிட்டது தினம் 260 கலோரி. இதைக் கேக்குற அம்மாக்கள் நிறையப் பேருக்கு இந்தக் கிண்ணம் எதுன்னு உடனே தெரிஞ்சிருக்கும்.

சரி, ரெண்டரை டம்ளர் போட்டா முடிஞ்சதேன்னு தோணும். முடியல. எங்க அத்தை, அதாவது மாமியார், விடல. "பானையில சோறு மிஞ்சணும்மா, யாராவது வந்தா என்ன பண்ணுவ? அளந்து ஆக்குறது நல்லாவா இருக்கு?" அவங்க சொல்றது சும்மா இல்லை. பஞ்சம் பார்த்த தலைமுறை, சோறு மிஞ்சினாத்தான் வீடு. அதனால் சண்டை போடாம ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ரெண்டரை டம்ளர்தான் போடணும்; எப்போவாவது மிஞ்சினா தண்ணி ஊத்தி மறுநாள் காலையில் பழைய சோறு. அன்னைக்கு அதைச் சாப்பிடறவங்களுக்கு இட்லி கிடையாது. இப்போ அத்தைக்கு அதுதான் பிடிச்ச டிபன்.

வளர்ற பையன் தட்டில் நான் கை வைக்கவே இல்லை, அதையும் சொல்லிடணும். குறைஞ்சது என் கிண்ணம் மட்டும்தான்.

அடுத்தது எண்ணெய். மாசம் நாலு லிட்டர் வாங்கிக்கிட்டு இருந்தோம், ரேஷன் பாமாயில் ஒண்ணு, கடையில் மூணு. நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு தினம் 33 மில்லி. எண்ணெய் எந்த எண்ணெயா இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி, செக்கு எண்ணெயும் சேர்த்துத்தான். 'குறைச்சு ஊத்தணும்'னு நினைச்சா கை கேக்காது. அதனால் வாரத்துக்கு ஒரு 750 மில்லி பாட்டிலை நிரப்பி வைப்பேன். அது தீர்ந்தா ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொரியல், அப்பளம் கிடையாது. முதல் மாசம் வியாழக்கிழமையே தீர்ந்துடுச்சு. மூணாவது மாசத்தில் பாட்டிலின் அடியில் கொஞ்சம் நின்னது.

சர்க்கரை பத்தி ரொம்பச் சொல்ல வேண்டாம். ரேஷனில் எங்களுக்கு ரெண்டு கிலோ, வெளியே ஒரு கிலோ. மூணு கிலோவை நாலு பேருக்குப் பிரிச்சா தினம் 25 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருத்தருக்கு அதிகபட்சம்னு சொல்றது அவ்வளவுதான். ஆனா எங்க பங்கு சரிசமம் இல்லை. நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன்னு நான் மட்டும் 40 கிராம் குடிச்சேன். இப்போ ரெண்டு டீ, ஒரு ஸ்பூன். வெளியே வாங்குற அந்த ஒரு கிலோ நின்னுபோச்சு.

இப்போ திருப்பூர் தங்கச்சி கேட்ட கேள்விக்கு வர்றேன். ஆரோக்கியமான சாப்பாடுன்னா கூடுதல் செலவுதானேன்னு கேட்டாங்க. எங்க தெருக் கடை விலையில் கணக்கு இது: அரிசியில் மாசம் 2.25 கிலோ, 135 ரூபாய் மிச்சம். எண்ணெய் ஒரு லிட்டர் 150. சர்க்கரை 45. சாயங்கால பிஸ்கட் பாக்கெட் 200. மொத்தம் 530. இதை அப்படியே முட்டைக்கும் கருப்புக் கொண்டைக்கடலைக்கும் திருப்பிவிட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆளுக்கு ஒரு முட்டை, மத்த நாளில் சுண்டல். மாசக் கடைசியில் பட்ஜெட் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஏன் முட்டையும் கடலையும்? நம்ம சாம்பாரை நம்பி ஏமாந்தேன், அதனால்தான். நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டா, ஆளுக்குக் கிடைக்கிற புரதம் அஞ்சரை கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கு. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவெச்சு அவிச்சா ஒன்பது, பத்து கிராம் வரும், நார்ச்சத்தும் சேர்த்து. நாலரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டா ராத்திரி எட்டு வரைக்கும் பசி எட்டிப் பார்க்காது. வேர்க்கடலையும் நல்லதுதான், ஆனா அதில் எண்ணெய் அதிகம். ஒரு கைப்பிடியோட நிறுத்தணும், என்னால் நிறுத்த முடியல, அதனால் வாங்குறதில்லை. ரேஷனில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்குது, அதை விட்டுடாதீங்க. சாம்பாரைக் கொஞ்சம் கெட்டியா வைங்க.

காய் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. புரோக்கோலி தேட வேண்டாம். சுரைக்காய், பூசணி, முள்ளங்கி, முட்டைக்கோஸ், அன்னைக்கு எது மலிவோ அது. எங்க ஊர் அண்ணா நகரில் 1999-ல் ஆரம்பிச்சதுதான் தமிழ்நாட்டோட முதல் உழவர் சந்தை. காலையில் போனா பலகையில் விலை எழுதியிருக்கும், பேரம் பேசுற வேலை இல்லை. முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்தில் இருந்து வருது. தட்டில் முதலில் கூட்டு, பொரியலை வெச்சு பாதியை நிரப்பிடுவேன், அப்புறம்தான் சோறு. முன்னாடி சோத்து மலையைக் கட்டி ஓரத்தில் காயைத் தொட்டுக்கிட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிறுதானியம் பத்தி நிறையப் பேர் கேக்குறீங்க. சாமை, தினை நல்லது, நார்ச்சத்து உண்டு. ஆனா கலோரி அரிசிக்குக் கிட்டத்தட்ட சமம். மூணு டம்ளர் அரிசிக்குப் பதிலா மூணு டம்ளர் சாமை போட்டா காசுதான் குறையும், எடை குறையாது. அளவைச் சரி பண்ணின பிறகு, கையில் காசு இருந்தா வாங்குங்க.

ஏழு மாசத்தில் 78 கிலோ 71.5 ஆச்சு. மாசம் ஒரு கிலோகூட இல்லை. நடுவில் அஞ்சு வாரம் முள் அசையவே இல்லை. பவுடர் காலத்து ஆளா இருந்தா அப்பவே விட்டிருப்பேன். அந்த நேரத்தில் என்னைப் பிடிச்சு நிறுத்தினது சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு செஞ்சு 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர். சாப்பாட்டையும் நடையையும் மாத்தினவங்களுக்கு நோய் வர்ற வாய்ப்பு 28 சதவீதத்துக்கு மேல் குறைஞ்சது, அவங்க எடை பெருசா குறையாமலேயே. அதனால் தராசை மட்டும் நம்பாம இடுப்பையும் அளங்க. நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90-க்குள் இருக்கணும்னு சொல்றாங்க. எனக்கு 96-ல் இருந்து 89 வந்திருக்கு. இன்னும் தூரம் இருக்கு. ரத்தச் சர்க்கரை 5.8.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காம சோத்தைக் குறைக்காதீங்க, சர்க்கரை திடீர்னு இறங்கிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவங்களும் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

தங்கச்சி, இந்த வாரம் எதுவும் வாங்காதீங்க. உங்க அரிசி டம்ளர் எத்தனை கிராம், மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய், ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரைன்னு மூணே எண்ணை எழுதி, பதினஞ்சு நாளில் மறுபடி வாய்ஸ் மெசேஜ் போடுங்க. மிஞ்சின சோறு யார் வயித்துக்குப் போகுதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் ஹாஸ்டல் சாப்பாடு பத்திப் பேசறேன்.